பெரியவளை நிறுத்துங்கள்

என் தங்கைக்குச் சர்வரில் வேலை என்று அம்மா யாரிடம் பெருமையாகச் சொன்னாலும், கேட்டவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "அப்படியா, எந்த ஹோட்டல்ல?" என்பார்கள். அம்மா விடமாட்டாள். "ஹோட்டல் இல்லீங்க, ஆஸ்பத்திரி சர்வர்" என்பாள். நோயாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, "புண்ணியமான வேலை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். கீழே மருந்துக் கவுண்டரில் மருந்தாளுநர். அவள் இரண்டாம் மாடியில், பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிரூட்டிய ஓர் அறையில், ஆஸ்பத்திரியின் கணினிகள் அத்தனைக்கும் தாயும் தகப்பனுமாக உட்கார்ந்திருக்கிறாள். சேர்ந்தபோது நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்கிற தட்டச்சுக்காரி. பக்கத்து மேசைக் கணினி நின்றுபோனால் முதலில் எட்டிப் பார்ப்பாள், பிறகு திறந்து பார்ப்பாள். "யாரைக் கேட்டுத் தொட்டே?" என்று திட்டு வாங்குவாள். மறுநாள் திட்டியவரே தன் கணினியையும் பார்க்கச் சொல்லி வந்து நிற்பார். அப்படியே ஏறி ஏறி இரண்டாம் மாடிக்குப் போய்விட்டாள். இப்போது எல்லாருக்கும் அவள் சர்வரம்மா. அவள் வீட்டுக்காரர் தையற்காரர். ஆஸ்பத்திரியின் முதல் சர்வர்மேல் தூசி படியக் கூடாது என்று அவரிடம் சொல்லி நீலத் துணியில் உறை தைத்துப் போட்டாள். காற்றுப் போக அதில் ஜன்னல் வேறு. அளவெடுக்க அவரையே கூட்டிக்கொண்டு வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் அக்கா, அவள் தங்கை. ஆனால் நான் குட்டை. அவளோ நெட்டை, ஆளும் வாட்டசாட்டம். பள்ளிக்கூட நாளிலிருந்தே வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்து "பெரியவளா?" என்பார்கள். என் தலையைத் தடவி "சின்னது என்ன படிக்குது?" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளாவது "நான்தான் சின்னவ" என்று சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டாள். பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். என்னை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'பொடி' என்றுதான் கூப்பிடுவாள். நான் மருந்துப் படிப்பு முடித்ததும் அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டாள்: நீ இடிக்கிறதும் பொடி, நீயும் பொடி.

சரி, சர்வருக்கு வருகிறேன். மருந்து, நோயாளி, படுக்கை விவரம் எல்லாம் மேலே அவள் அறையில், தரவுத்தளம் என்கிற பெரிய கிடங்கில் இருக்கின்றன. நாங்கள் கீழே ஒரு மாத்திரையின் பெயரைத் தட்டினால் அது நேரே அங்கே போய்விடாது. பின்கட்டடத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில், கம்பிவலை அலமாரிக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் கேள்வியை வாங்கிக் கிடங்குக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தரும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது அதே பெயரில் எழுந்து பதில் சொல்லும். பேசியது யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுத் தொலைபேசியும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். யார் எடுத்தாலும் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

அந்த இரண்டில் ஒன்றுதான் உறை போட்ட பழைய இயந்திரம். இன்னொன்று போன வருஷம் வாங்கிய புதியது. அவளுக்கு எதையும் மனுஷர் மாதிரி கூப்பிட்டால்தான் வேலை ஓடும். அதனால் இவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். பெரியவள், சின்னவள்.

இரண்டிலும் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு வயசாகிவிட்டது. மருந்தின் பெயரைத் தட்டிவிட்டு நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அது யோசித்துக்கொண்டே இருக்கும். புதிய பதிப்பு வந்திருந்தது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத இரண்டு மருந்துகளை ஒரே ஆளுக்கு எழுதிவிட்டால் திரையில் சிவப்புக் கட்டம் போட்டுக் கத்துமாம். அதற்காகவே நான் அதன்மேல் ஆசையாக இருந்தேன். சின்னவளில் புதிய பதிப்பை ஏற்கனவே ஏற்றியாகிவிட்டது. இனிப் பெரியவளை நிறுத்திவிட்டு, மேலே கிடங்கைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அதுதான் அப்கிரேடு.

வெளிநோயாளிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் செய்தாள். பாதிக்கு மேல் போய் நின்றது, "காத்திருப்பு நேரம் கடந்தது" என்றது, செய்த அத்தனையையும் தானே அழித்துக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மறுநாள் நிர்வாகி அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அடுத்த ஞாயிறு ஒரு தடவை பாருங்க. முடியலேன்னா இந்த வேலை மொத்தத்தையும் வெளிக் கம்பெனிக்குக் குடுத்திடலாம்னு இருக்கோம். உங்களை வரவேற்புல போட்டுக்கிறோம். அங்கேயும் ஆள் வேணும்."

வரவேற்பு மேசையில் என் தங்கை. "டாக்டர் வந்துட்டாரா" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு. அவள் அழவில்லை. "வரவேற்புல ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கு, பொடி" என்றாள். குழந்தையை ஊருக்கு அனுப்புகிறவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

அந்த இரண்டாவது ஞாயிறு காலை, அவசரப் பிரிவுக்கு மட்டும் கையால் எழுதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அடுத்த ஷிஃப்ட் வருவதற்குள் கணினி எழுந்தாக வேண்டும். கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் மேலே ஓடினேன். தலைமுடியை ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் கட்டிக்கொண்டு, திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். மேசையில் தொலைபேசி ஒலிபெருக்கியில் கிடந்தது. அந்தப் பக்கம் மென்பொருள் கம்பெனியின் ஆள். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். அதனால் அவருக்கு நான் 'மறுபடி' என்று பெயர் வைத்திருந்தேன்.

"மேடம், மறுபடி ஓட்டிப் பாருங்களேன்."

"ஓட்டியாச்சு சார். அதே இடத்துல நிக்குது. மருந்து இருப்பு அட்டவணைக்கு வந்ததும் காத்திருக்கு, காத்திருக்கு, அப்புறம் கைவிட்டுடுது."

"இடம் பத்தலையா இருக்கும். காலி பண்ணிட்டு மறுபடி..."

இடம் வேண்டிய மட்டும் இருந்தது. அனுமதிகள் சரியாக இருந்தன. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டினாள், அங்கேயே நின்றது. கோப்பு பழுதாக இருக்கலாம் என்று மறுபடி இறக்கி, ஒப்பிட்டு, ஓட்டினாள். அங்கேயேதான் நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் கண்ணில் வேறு என்னமோ இருந்தது. திருடன் வீட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்ட ஆளின் கண்.

"பொடி, இங்க பாரு" என்று திரையில் ஒரு வரியைக் காட்டினாள். "இந்த அட்டவணையை யாரோ கையில பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாங்க."

"யாரு?"

"பேரு மட்டும் காட்டுது. ரெண்டுக்கும் பொதுவான பேரு. பெரியவளை நிறுத்தியாச்சு, அப்ப இது சின்னவதான். ஆனா சின்னவ ஏன் பிடிக்கணும்? அவகிட்ட இருக்கிறது புதுப் பதிப்பு, அது சும்மாதான் காத்துக்கிட்டு இருக்கணும்."

"பெரியவளை நிஜமாவே நிறுத்தியாச்சா?"

"ரெண்டுல ஒண்ணு செத்துக் கிடக்கு, ஒண்ணு உயிரோட இருக்கு. திரையிலயே தெரியுதே. காலையில மின்சாரண்ணன்தான் போய் சுவிட்சை அணைச்சுட்டு வந்தார்."

பெரியவளை இங்கிருந்தபடியே நிறுத்த முடியாது. அணைத்தால் தூக்கத்தில் திடுக்கிட்டவள் மாதிரி தானே எழுந்துகொள்வாள். யாராவது பின்கட்டடத்துக்குப் போய் மின்சாரத்தைத்தான் துண்டிக்க வேண்டும். அந்த அறையின் சாவி எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். மின்சாரண்ணன் என்பது அவர்தான். முன்பிருந்த எலக்ட்ரீஷியன் ஓய்வு பெற்றபின் வந்தவர், நல்ல மனுஷர். பெரும்பாலும் உள்தொலைபேசியில்தான் பேசுவார். எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார், சேர்த்துப் பார்த்ததில்லை.

"மேடம், சின்னவளை ஒரு தடவை நிறுத்தி எழுப்பிட்டு மறுபடி ஓட்டுங்களேன்" என்றார் மறுபடி.

"அதையும் நிறுத்தினா என்ன நடந்துச்சுன்னே தெரியாம போயிடும் சார். காரணம் தெரியாம எதையும் அணைக்க மாட்டேன்."

"அப்ப இன்னைக்கு விட்டுட்டு இன்னொரு ஞாயிறு பார்த்துக்கலாமே."

இன்னொரு ஞாயிறு கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தொலைபேசியைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு மின்சாரண்ணன் வந்தார். ஷிஃப்ட் முடிகிறது, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். மேசையில் நான் கொண்டுவந்து வைத்த ரொட்டியும் தேநீரும் தொடாமல் கிடந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லக் கூடாதா சின்னவங்களே. உங்க அக்கா காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல போலிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இடம் பொருள் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"அண்ணே, நான்தான் அக்கா. பெரியவ நான்."

"நீங்களா?" என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அவங்கன்னுல்ல நினைச்சேன். பார்த்தா அவங்கதானே பெருசா இருக்காங்க."

நாற்காலி கிறீச்சென்று திரும்பியது. என் தங்கை எழுந்து நின்றாள்.

"அண்ணே, இப்ப என்ன சொன்னீங்க?"

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வாட்டசாட்டமா இருக்கீங்களேன்னு..."

"தப்பா எடுத்துக்கல. காலையில போன்ல நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"பெரியவளை நிறுத்திடுங்க, சின்னவ ஓடட்டும்னீங்க."

"நீங்க எதை நிறுத்தினீங்க?"

"பெரியவளைத்தான் மேடம். ரெண்டு ஆள் சேர்ந்தாத்தான் தூக்க முடியும்ங்கிற மாதிரி ஒண்ணு இருக்குமே, அதை. நீலச் சட்டை போட்ட சின்னதை நான் தொடவே இல்ல. போன ஞாயிறும் அப்படித்தான் செஞ்சேன்."

"ஹலோ மேடம்" என்றது தொலைபேசி.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பழைய இயந்திரம் உருவத்தில் சின்னது, தொலைக்காட்சிப் பெட்டி அளவுகூட இருக்காது. முதலில் வந்தது என்பதால் அவளுக்கு அது பெரியவள். பின்னால் வந்த புதியது பூதம் மாதிரி இருக்கும். முன்பிருந்த எலக்ட்ரீஷியன் இரண்டும் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர், அவருக்கு எது மூத்தது என்று தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்துப் பெரியதை அணைத்துவிட்டார். புதியது படுத்ததும், பழையது அதே பொதுப் பெயரில் எழுந்து நின்று, வழக்கம்போல மருந்து இருப்பை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. அட்டவணையை அது விட்டால்தானே அப்கிரேடு தொட முடியும்? குரல் ஒன்றாக இருந்ததால் எடுத்தது அக்காவா தங்கையா என்று இவளுக்கே தெரியவில்லை.

"சாவி" என்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் ஓடிய ஓட்டத்தை ஆஸ்பத்திரியே பார்த்தது. அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். மின்சாரண்ணன் பின்னால் சாவிக் கொத்து குலுங்க ஓடினார். என் குட்டைக் காலுக்கு ஒவ்வொரு படியாகத்தான் முடிந்தது. "என்னாச்சு, தீயா?" என்று வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தீ இல்ல, அக்கா" என்று என் தங்கை கத்திக்கொண்டே போனாள். நர்ஸுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

கம்பிவலை அலமாரிக்குள், நீல உறைக்குள், அந்தப் பழைய இயந்திரம் ஒன்றும் தெரியாத மாதிரி முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய பூதம் விளக்கெல்லாம் அணைந்து கிடந்தது. மின்சாரண்ணன் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னாலதானா மேடம்?"

"உங்களால இல்லண்ணே. நான் சொன்னதை நீங்க அப்படியே செஞ்சீங்க. நான்தான் சொல்லத் தெரியாம சொன்னேன்."

அவள் உறையை மெல்ல விலக்கி, பழையதின் தலையில் ஒரு கணம் கை வைத்தாள். அவள் மாற்றியது, துடைத்தது, இரவல் உதிரிபாகம் போட்டு ஓட்டியது எல்லாம் அந்த ஒன்றைத்தான். பிறகு மின்கம்பியைப் பிடுங்கினாள். முனகல் நின்றது. பெரிய பூதத்தின் சுவிட்சை மின்சாரண்ணனையே போடச் சொன்னாள். விசிறிகள் சுழன்று, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின.

மறுபடி மேலே ஓட்டம். இந்தத் தடவை ஷிஃப்ட் முடிந்த மின்சாரண்ணனும் வீட்டுக்குப் போகாமல் கூடவே வந்தார்.

"சார், ஓட்டப் போறேன்" என்றாள் தொலைபேசியிடம்.

"மறுபடியா?" என்றார் மறுபடி. அந்த வார்த்தைக்கு அன்றுதான் ஓர் அர்த்தம் வந்தது.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் நகர்ந்தது. நோயாளி விவரம் போயிற்று. படுக்கை விவரம் போயிற்று. மருந்து இருப்புக்கு வந்ததும் நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரவேற்பு மேசையும் அதன் ஒற்றைக் கணினியும் கண்முன் வந்து நின்றன. மின்சாரண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். என் தங்கை திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

பட்டை நகர்ந்தது.

"போகுதுடி" என்றேன். "போகுது, திரும்பிப் பாருடி."

அவள் திரும்பினாள். மருந்து இருப்பைத் தாண்டி, அதற்கடுத்ததையும் தாண்டி, கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் போய், "முடிந்தது" என்று நின்றது. தொலைபேசியில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் நல்ல மனுஷர்தான் என்று அப்போது தோன்றியது.

"கவுண்டருக்கு ஓடு" என்றாள். "ரெண்டு மருந்தைத் தட்டு. ஆகாத ஜோடியா பார்த்துத் தட்டு."

ஓடினேன். இல்லாத ஒரு நோயாளியை உண்டாக்கி, ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கவே கூடாத இரண்டு மருந்துகளை அவன் தலையில் எழுதினேன். தட்டி முடிப்பதற்குள் திரை முழுக்கச் சிவப்புக் கட்டம் வந்து நின்றது. வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் மண்டைக்குள் சுமந்துகொண்டிருந்த பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு ஆள் வந்துவிட்டது. உள்தொலைபேசியை எடுத்து, "கத்துதுடி, நல்லா கத்துது" என்று நானும் கத்தினேன். கவுண்டரில் நின்றிருந்தவர் ஒரு அடி பின்னால் போனார்.

சாயங்கால ஷிஃப்ட் ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில் நிர்வாகி இரண்டாம் மாடிக்கு வந்தார். நான் மறுபடி மேலே வந்திருந்தேன். மின்சாரண்ணன் ஓரமாக நின்று, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சாமே. என்னதான் கோளாறு?"

யார் தலையிலாவது போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மின்சாரண்ணன் டம்ளரோடு நெளிவதை நான் பார்த்தேன்.

"கோளாறு என் வாயில சார்" என்றாள் அவள். "மூத்ததை நிறுத்தணும்னு சொல்லியிருக்கணும். பெரியவளை நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன். அண்ணன் உருவத்துல பெரியதை நிறுத்திட்டார். இதுல அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

நிர்வாகிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டார். "இந்தக் கோளாறை வெளிக் கம்பெனிக்காரன் வந்தா ஆயுசுக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். நீங்க இங்கேயே இருங்க சர்வரம்மா. வரவேற்புக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போகிற போக்கில் நிர்வாகி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "உங்க தங்கச்சியும் நாள் பூரா கூடவே நின்னாங்க போலிருக்கே."

வாயைத் திறந்தேன். பிறகு, இன்று இருக்கிற சந்தோஷத்தில் இதற்கு வேறு சண்டை எதற்கு என்று மூடிக்கொண்டேன்.

"தங்கச்சி இல்ல சார்" என்றாள் அவள். "இது என் அக்கா. நான்தான் சின்னவ."

நிர்வாகி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு தகவல். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை உள்தொலைபேசி அடித்தது. "பொடி, கவுண்டர் எப்படி ஓடுது?" என்றாள். ஓடுகிறது என்றேன். பொடி என்றதற்கு அவளை அன்று நான் திட்டவில்லை.